நாடியும் தராசும்

விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்றை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். வலக்கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் இடக்கை மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே உள்ள பள்ளத்தில் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. அதிலேயே ஒரு துடிப்பு உண்டு. அது உங்களை ஏமாற்றிவிடும். துடிப்பு தெரிகிறதா? 15 விநாடிக்கு எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். 70, 80, 90 என்று ஏதோ ஓர் எண் கிடைக்கும். அதுதான் ஒரு நிமிடத்தில் உங்கள் இதயம் துடிக்கும் கணக்கு.

இப்போது ஒரு கேள்வி. 15 விநாடி எண்ணினால் போதும் என்றால், இதய நோயாளிகள் இருக்கும் வார்டில் செவிலியர் ஏன் ஒரு முழு நிமிடம் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்? அத்தோடு விடுவதும் இல்லை. மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மறுபடியும் ஒரு நிமிடம் எண்ணுகிறார். துடிப்பைத் தானே எண்ணிக் காட்டும் கருவி கட்டிலின் அருகில் ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதும் எண்ணுகிறார். அவருக்கு வேறு வேலை இல்லையா?

இதயம் உடலுக்குள் மறைந்திருக்கும் ஒரு பம்பு. நினைத்தபோதெல்லாம் அதைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் பம்பு பழுதுபட்டால் குழாய் நெடுகிலும் அதன் அடையாளம் தெரியும் அல்லவா? மணிக்கட்டில் தெரியும், நுரையீரலின் ஓசையில் தெரியும், கணுக்காலில் தெரியும், எடை பார்க்கும் தராசில்கூடத் தெரியும். மருத்துவர் காலையிலும் மாலையிலும் வந்து பார்த்துச் செல்கிறார். இரவும் பகலும் அந்த அடையாளங்களின் அருகிலேயே இருப்பவர் செவிலியர். மாத்திரை கொடுப்பதும் ஊசி போடுவதும்தான் அவருடைய வேலை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவருடைய வேலையில் பெரும்பகுதி அளப்பது. அளந்ததை நேற்றைய அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.

நிரம்பாத வாளி

உடல்நலம் உள்ள பெரியவர் ஒருவரின் இதயம், அவர் ஓய்வாக இருக்கையில், ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறக்குறைய 70 மில்லி லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர். ஒவ்வொரு தள்ளுதலும் தமனிகளில் ஓர் அலையை எழுப்புகிறது. அந்த அலைதான் மணிக்கட்டில் உங்கள் விரலைத் தட்டுகிறது.

இதயத்துக்கு மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். சில நோய்களில் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டு நடுங்கத் தொடங்கிவிடும். அப்போது கீழறைகளுக்குக் கட்டளை தாறுமாறாக வருகிறது. இரண்டு துடிப்பு அடுத்தடுத்து வரும். பிறகு சற்று நேரம் ஒன்றும் இராது. மறுபடி மூன்று வேகமாக வரும். கிணற்றில் தண்ணீர் இறைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளி நிரம்புவதற்குள் கயிற்றை இழுத்துவிட்டால் என்ன ஆகும்? கை வலித்ததுதான் மிச்சம்; தண்ணீர் மேலே வராது. இதயமும் அப்படித்தான். கீழறை நிரம்புமுன் சுருங்கினால், மார்பில் 'லப்' என்ற ஓசை கேட்கும். மணிக்கட்டு வரை வந்துசேர அங்கே இரத்தம் இராது.

ஆகவே இப்படிப்பட்ட நோயாளிக்கு 15 விநாடிக் கணக்கு உதவாது. எந்த 15 விநாடியை எடுத்தீர்களோ, அதைப் பொறுத்து விடை மாறும். முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு செவிலியர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஒரே கடிகாரத்தைப் பார்த்தபடி ஒருவர் மார்பிலும் மற்றவர் மணிக்கட்டிலும் ஒரே நிமிடத்தில் எண்ணுவார்கள். மார்பில் 110, மணிக்கட்டில் 86 என்று வருவதாகக் கொள்வோம். வித்தியாசம் 24. அந்த நிமிடத்தில் 24 வாளிகள் வெறுமையாக மேலே வந்திருக்கின்றன! மருந்து கொடுத்த பிறகு இந்த வித்தியாசம் நாளுக்கு நாள் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். கட்டிலருகே உள்ள ஈ.சி.ஜி. திரை இதயத்தின் மின்சாரத்தை எண்ணுகிறது. இரத்தம் கைக்கு வந்ததா என்பதை விரல் சொல்கிறது. அந்தக் கை சில்லிட்டிருக்கிறது, வியர்த்திருக்கிறது என்பதையும் விரலே சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

நாடியை நிமிடக் கணக்கில் எண்ணுவது அவ்வளவு பழைய பழக்கம் அல்ல என்பது வியப்பாக இருக்கலாம். மணிக்கட்டைத் தொட்டு நாடியின் நடையைப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் மிகப் பழமையானது. ஆனால் எண்ணுவதற்கு ஏற்ற கடிகாரம் வேண்டாமா? இங்கிலாந்தில் ஜான் ஃபிளாயர் என்ற மருத்துவர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, 1707-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

எண்ணிக்கையில் உயிர் தொங்கும் இடம் ஒன்று உண்டு. டிஜாக்ஸின் என்று ஒரு மருந்து. இதயத்தின் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சுருக்கத்துக்கும் வலிமை கூட்டுவது. இதன் மூலம் ஒரு பூச்செடியின் இலை. அந்த இலையைக் கொடுத்து நோயாளிகளுக்கு ஏற்பட்ட பலன்களை வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785-இல் வெளியிட்டார். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி இதில் மிகக் குறுகியது. அதனால் இந்த மாத்திரையைக் கொடுக்கப்போகும் செவிலியர், முதலில் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுவார். பெரியவர்களுக்குத் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவருக்குச் சொல்லி அனுப்புவார். "சோறே பிடிக்கவில்லை சிஸ்டர், குமட்டுகிறது" என்று நோயாளி சொல்வதையும், "பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது" என்பதையும் சாதாரணப் புலம்பலாக விட்டுவிட மாட்டார். உடலில் மருந்து மிகுந்துபோனதற்கு அவை அடையாளங்களாக இருக்கலாம். இன்று இந்த மருந்தின் பயன் முன்னைவிடக் குறைந்திருக்கிறது. பயன்படுத்தும் இடத்தில் இந்த ஒரு நிமிட விதி அப்படியே இருக்கிறது.

நீர்க் கணக்கு

அடுத்து, செவிலியர் கேட்கும் ஒரு விந்தையான கேள்வியைப் பார்ப்போம். "ஐயா, ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?"

இதய நோய்க்கும் தலையணைக்கும் என்ன தொடர்பு? இதயத்தின் இடப்பக்கம் நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தை வாங்கி உடலுக்கு அனுப்புகிறது. அது தளர்ந்துவிட்டால் என்ன நடக்கும்? வாய்க்காலின் மடை அடைத்துக்கொண்டால் பின்னால் நீர் தேங்குவதுபோல் நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் இரத்தம் தேங்கும். அங்கே அழுத்தம் மிகுந்து, நீர் கசிந்து காற்றறைகளுக்குள் இறங்கும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் இருந்தால் மூச்சுத் திணறாமல் என்ன செய்யும்?

நிற்கும்போதும் உட்காரும்போதும் புவியீர்ப்பு இரத்தத்தில் ஒரு பகுதியைக் கால்களில் நிறுத்தி வைத்திருக்கிறது. படுத்தவுடன் அது மார்பை நோக்கித் திரும்புகிறது. தளர்ந்த இதயத்துக்கு அது தாங்கமுடியாத சுமை. ஆகவே நோயாளி தம்மை அறியாமலே ஒரு தலையணையை இரண்டாக்குகிறார், இரண்டை மூன்றாக்குகிறார். சிலர் நள்ளிரவில் திணறி எழுந்து ஜன்னலருகே போய் உட்கார்ந்துகொள்வார்கள். போன மாதம் ஒன்று, இந்த மாதம் மூன்று என்று பதில் வந்தால், ஒரு கருவியும் இல்லாமலே இதயத்தின் தளர்ச்சி அளக்கப்பட்டுவிட்டது. சிகிச்சையின் முதற்படியும் இங்கேயே இருக்கிறது. மூச்சுத் திணறும் நோயாளியைப் படுக்கவைக்கக் கூடாது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, நிமிர்ந்து உட்காரவைத்து, முடிந்தால் கால்களைத் தொங்கவிடச் செய்வார் செவிலியர். படுக்கவைத்து விசிறும் உறவினர்களுக்கு இது தெரிவதில்லை.

இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தால் நீர் கால்களில் தேங்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுத்தால், பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் பள்ளம் அப்படியே நிற்கும். சரி, பல நாளாகப் படுத்தே இருக்கும் நோயாளியின் கால் வீங்கவில்லை. நீர் இல்லை என்று சொல்லிவிடலாமா? கூடாது. நீர் தாழ்ந்த இடத்தைத் தேடும். படுத்திருப்பவருக்குத் தாழ்ந்த இடம் எது? இடுப்பின் பின்புறம். அனுபவமுள்ள செவிலியர் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து அங்கே அழுத்திப் பார்ப்பார்.

கால் வீங்கித் தெரிவதற்கு முன்பே சில லிட்டர் நீர் உடலில் சேர்ந்திருக்கக்கூடும். அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. தராசு முன்கூட்டியே சொல்லிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ என்பது உங்களுக்குத் தெரியும். பெரியவர் ஒருவரின் எடை திங்களன்று 58.0 கிலோ, செவ்வாயன்று 58.8, புதனன்று 60.1 என்று கொள்வோம். இரண்டு நாளில் இரண்டு கிலோ! இட்டிலியும் தோசையும் இரண்டு நாளில் இரண்டு கிலோ சதையாக மாறிவிட முடியாது. ஏறியது முழுவதும் நீர்தான் என்று கொள்ளலாம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும் என்பது இன்றும் எங்கும் கற்றுக்கொடுக்கப்படும் விதி.

ஆனால் எடையைப் பார்ப்பதில் ஒழுங்கு வேண்டும். தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, காபி குடிக்குமுன், அதே தராசில், ஏறத்தாழ அதே கனமுள்ள உடையில் பார்க்க வேண்டும். உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மட்டும் மாறவிட்டு மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்கிறீர்களே, அதே முறைதான். இதோடு இன்னொரு கணக்கும் ஓடும். குடித்த கஞ்சி, மோர், காபி, ட்ரிப்பில் ஏறிய மருந்து எல்லாம் ஒரு பத்தியில். வெளியேறிய சிறுநீர் அளவுக் குவளையில் ஊற்றி அளக்கப்பட்டு மறு பத்தியில். முகத்தைச் சுளிக்காதீர்கள். சிறுநீர் திடீரென்று குறைந்துபோவது, சிறுநீரகங்களுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேரவில்லை என்பதற்கு முதல் தடயமாக இருக்கலாம்.

நீரை வெளியேற்றும் மருந்துகளால் நீரோடு பொட்டாசியமும் வெளியேறுவது உண்டு. பொட்டாசியம் குறைந்தால் துடிப்பின் ஒழுங்கு கெடும். மேலே சொன்ன டிஜாக்ஸினின் நச்சுத்தன்மையும் கூடும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. அப்படியானால் எல்லா இதய நோயாளிகளுக்கும் இளநீர் கொடுக்கலாமே என்று தோன்றும். இல்லை. இதய நோய்க்குத் தரும் வேறு சில மருந்துகள் பொட்டாசியத்தை உடலிலேயே தேக்குகின்றன. சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் அது தேங்கும். பொட்டாசியம் மிகுந்தாலும் இதயம் நின்றுபோகலாம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது இளநீர் வாங்கிச் செல்வது நம் ஊர் அன்பு. கொடுக்குமுன் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பொத்தானை அழுத்துவது யார்?

இதுவரை பார்த்தவை மெல்ல நடப்பவை. நிமிடங்களில் நடப்பதும் ஒன்று உண்டு. இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. "வாயுப் பிடிப்புத்தான்; ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்று அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். செவிலியர் கேட்பார்: வலி எங்கே? எப்போது தொடங்கியது? அழுத்துகிறதா, குத்துகிறதா? தோளுக்கோ தாடைக்கோ பரவுகிறதா? நீரிழிவு உள்ளவர்களுக்கும், முதியோருக்கும், பெண்கள் பலருக்கும் மார்வலி பெரிதாக இல்லாமல், வியர்வையும் மூச்சிரைப்பும் சோர்வும் மட்டுமே இருப்பதும் உண்டு. ஐயம் எழுந்தால், மருத்துவமனைக்குள் வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும் என்பது இன்றைய விதி.

அடைபட்ட தசையிலிருந்து ஆபத்து எப்படி வருகிறது? தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். நூறு பேர் வடத்தைப் பிடித்து ஒரே குரலுக்கு ஒன்றாக இழுத்தால் தேர் நகரும். அதே நூறு பேர் அவரவர் விருப்பப்படி வெவ்வேறு நொடியில் இழுத்தால்? எல்லாரும் இழுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்; தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். மாரடைப்பின்போது சில சமயம் கீழறைத் தசைநார்கள் இப்படித் தனித்தனியே துடிக்கத் தொடங்கிவிடும். இரத்த ஓட்டம் அடியோடு நின்றுபோகும். நாலைந்து நிமிடத்தில் மூளை பழுதுபடத் தொடங்கும். இதற்கு ஒரே மாற்று, மார்பின் வழியே ஒரு மின்னதிர்ச்சி. அது இதயத்தைக் கிளப்புவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது செய்வது நேர்மாறு. எல்லா நார்களையும் ஒரே கணத்தில் அடக்குகிறது. அந்த அமைதியில் இதயத்தின் இயற்கையான தாளக்காரன் மறுபடி குரல் கொடுக்க இடம் கிடைக்கிறது.

மார்பைத் திறக்காமலே இப்படி மின்னதிர்ச்சி கொடுத்து மனிதரைப் பிழைக்கவைக்கலாம் என்பதை அமெரிக்க மருத்துவர் பால் ஜோல் 1956-இல் காட்டினார். கைகளால் மார்பை அழுத்தியே இரத்தத்தை ஓடவைக்கலாம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கௌவன்ஹோவனும் அவருடைய தோழர்களும் 1960-இல் எழுதினார்கள். வழி தெரிந்துவிட்டது. ஆயினும் நோயாளிகள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். ஏன்? நோயாளி ஒரு வார்டில், கருவி வேறோர் அறையில், மருத்துவர் மற்றொரு கட்டடத்தில்! மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ 100-க்கு 30 பேர் அக்காலத்தில் இறந்துவந்தார்கள்.

எடின்பரோவில் இருந்த டெஸ்மண்ட் ஜூலியன் என்ற இளம் மருத்துவர் 1961-இல் ஒரு யோசனை சொன்னார். மாரடைப்பு நோயாளிகளை ஒரே இடத்தில் வையுங்கள். இதயத் துடிப்பை இடைவிடாமல் கவனியுங்கள். பயிற்சி பெற்றவர்கள் எப்போதும் அருகில் இருக்கட்டும். 1962-இல் அமெரிக்காவில் கான்ஸஸ் நகரில் ஹியூஸ் டே என்பவரும், பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்ஸர் என்பவரும் இத்தகைய பிரிவுகளைத் தொடங்கினார்கள்.

ஆனால் நள்ளிரவு மூன்று மணிக்கு அபாய மணி அடித்தால் அங்கே நிற்பவர் யார்? செவிலியர்தான். ஈ.சி.ஜி. படிப்பதும் மின்னதிர்ச்சி கொடுப்பதும் மருத்துவரின் வேலை என்பது அன்றைய வழக்கம். மருத்துவர் ஓடி வருவதற்குள் காலம் கடந்துவிடும். மார்பை அழுத்தாமல் சும்மா இருந்தால், தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 100-க்கு 7 முதல் 10 வரை குறைந்துகொண்டே போகிறது. ஆகவே செவிலியருக்கே ஈ.சி.ஜி. கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்து, அவரே மின்னதிர்ச்சி கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவுகளில் முடிவு செய்தார்கள். மெல்ட்ஸரும், ரோஸ் பின்னியோ என்ற செவிலியரும், கிச்செல் என்ற மருத்துவரும் சேர்ந்து 1965-இல் செவிலியருக்கென்றே ஒரு கைந்நூல் எழுதினார்கள். கருவியைக் கண்டுபிடித்தது பெரிய செயல்தான். அதன் பொத்தானை அழுத்தும் உரிமையைக் கட்டிலருகே நிற்பவரிடம் கொடுத்தது அதைவிடப் பெரிது என்பது என் எண்ணம். இத்தகைய பிரிவுகள் பரவியபின், 100-க்கு 30 என்ற அந்தக் கணக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

திரையும் மணியும் வந்துவிட்டதால் காதுக்கு வேலை போய்விட்டதா? நியூயார்க்கில் தாமஸ் கில்லிப், ஜான் கிம்பால் என்ற இருவர் 250 மாரடைப்பு நோயாளிகளைப் பற்றி 1967-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கட்டிலருகே கண்ணாலும் காதாலும் அறியக்கூடிய அடையாளங்களை மட்டும் கொண்டு நோயாளிகளை நாலு வகுப்பாகப் பிரித்தார்கள். நுரையீரல் தெளிவாக இருந்தவர்கள் முதல் வகுப்பு; அவர்களில் இறந்தவர் 100-க்கு 6. நுரையீரலின் அடியில் நொறநொறப்பு கேட்டவர்கள் இரண்டாம் வகுப்பு, 17. நுரையீரல் முழுவதும் நீர் கோத்தவர்கள் மூன்றாம் வகுப்பு, 38. இரத்த அழுத்தம் வீழ்ந்து உடல் சில்லிட்டவர்கள் நாலாம் வகுப்பு, 81. இன்றைய சிகிச்சையில் இந்த எண்கள் குறைந்துவிட்டன. வரிசை மாறவில்லை.

அந்த நொறநொறப்பு எப்படி இருக்கும் என்று அறிய ஆசையா? காதுக்கு அருகில் உங்கள் தலைமுடிக் கற்றை ஒன்றை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த ஓசைதான். மாலையில் தெளிவாக இருந்த நுரையீரலில் இரவு பத்து மணிக்கு அது கேட்டால், நோயாளி முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டார். மாலையிலும் கேட்டிருந்த ஒருவருக்குத்தான் அது புதிய ஓசை என்பது தெரியும்.

வீட்டுக்குப் போகும் நாள்

நோயாளி வீடு திரும்பும் நாளில் செவிலியர் அவரையும் வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுவார். எந்த மாத்திரை எப்போது, எவ்வளவு நடக்கலாம், மார்வலி வந்தால் சோடா தேடாமல் 108-க்கு அழைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னபின், "நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள், பார்ப்போம்" என்பார். பரீட்சை வைப்பதற்காக அல்ல. தலையாட்டுவது வேறு, விளங்கிக்கொள்வது வேறு என்பது அவருக்குத் தெரியும்.

உப்புப் பேச்சு வரும்போதுதான் வேடிக்கை. உப்பில் உள்ள சோடியம் உடலில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நலமாக உள்ளவர்களுக்கே நாளைக்கு 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

"சாப்பாட்டில் உப்பே போடுவதில்லை, சிஸ்டர்" என்பார் பெரியவர்.

"நல்லது ஐயா. ஊறுகாய்?"

"அது இல்லாமல் மோர்ச்சாதம் எப்படி இறங்கும்?"

"அப்பளம், வடகம், கருவாடு?"

பெரியவர் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், தினமும் காலையில் தராசின் முள்ளைப் பார்த்துச் சொல்லும் வேலை பள்ளிக்கூடம் போகும் உங்களிடம்தான் வரும். கண் நன்றாகத் தெரிவது உங்களுக்குத்தானே! சொல்வதோடு நில்லாமல் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஒவ்வொரு நாளையும் தனித் தாளில் எழுத வேண்டாம். ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால்தான், இன்றைய எண்ணைப் பார்க்கும்போது நேற்றைய எண்ணும் கண்ணில் படும்.